ஓட்டு இல்லாதவனின் தேர்தல் நாள்

முன்னெச்சரிக்கை: இது கொஞ்சம் நீளமான கொசுவத்தி. நடுநடுவே சரித்திரப் பாடமும் வரும். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1999 செப்டம்பரில் எங்க ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டு போட்டேன். அந்தத் தேர்தல் வந்ததே ஒரே ஒரு ஓட்டால். அந்த வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி மக்களவையில் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பில் வாஜ்பாய் அரசுக்கு 269, எதிர்த்து 270. அவ்வளவுதான், ஆட்சி கவிழ்ந்தது, நாடு முழுக்க மறுபடி தேர்தல். "ஒத்த ஓட்டுதானேன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்" என்று அப்பா அன்னிக்கு முழுக்கச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் அவருக்கு ஏதாவது ஒரு ஊரில் பிரிசைடிங் ஆபீசர் வேலை விழும். முந்தின நாளே பெட்டி, சீல், அரக்கு, மை பாட்டில் எல்லாத்தோடயும் லாரியில் ஏறிப் போவார். மறுநாள் நடுராத்திரி தாண்டி, கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வருவார். "ஓட்டுப் போடுறது பாதி வேலைடா. அதைப் பத்திரமா கொண்டு போய்ச் சேர்த்து ஒழுங்கா எண்ணுறதுதான் மீதிப் பாதி" என்பது அவருடைய வேதவாக்கு. சின்ன வயசில் அது எனக்குப் புரியலை. புரிஞ்சது 2000 நவம்பரில், புளோரிடாவில்.

அந்த மை நகத்தில் பாதி தூரம் ஏறியிருந்தப்பவே நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு அமெரிக்கா வந்துட்டேன். எச்1பி விசா, டாம்பா நகரத்தில் வேலை, நாலு பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட். அன்னிக்கு எனக்குத் தெரியாது, அடுத்த இருபது வருஷத்துக்கு நான் எந்த நாட்டிலும் ஓட்டுப் போடப் போறதில்லைன்னு.

*

2000 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். ஜார்ஜ் புஷ் ஒரு பக்கம், அல் கோர் இன்னொரு பக்கம்.

நம்மூர் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் காலை பெரிய ஏமாற்றம். ஒலிபெருக்கி இல்லை. சுவரெழுத்து இல்லை. பூத் ஸ்லிப் எழுதிக் கொடுக்கிற பந்தல் இல்லை. கரைவேட்டி இல்லை, பிரியாணிப் பொட்டலம் இல்லை. சில வீட்டு வாசல் புல்தரையில் சின்னதாக அட்டை நட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதில் பெரிய கொடுமை, லீவும் கிடையாது. நம்மூரில் ஓட்டுப்பதிவு அன்னைக்கு சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. இங்கே ஜனங்கள் காலையில் ஏழு மணிக்கு ஓட்டுப் போட்டுட்டு ஆபீசுக்கு ஓடினார்கள்.

அது ஏன் செவ்வாய்க்கிழமை? நம்மூரில் நல்ல காரியத்துக்குச் செவ்வாயைத் தொடவே மாட்டோம். இவங்களுக்கு 1845இல் போட்ட சட்டம் அது. நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய். அந்தக் காலத்தில் பெரும்பாலும் விவசாயிகள். நவம்பரில் அறுவடை முடிஞ்சிருக்கும், குளிரும் இன்னும் முற்றியிருக்காது. ஞாயிறு சர்ச். குதிரை வண்டி கட்டி ஓட்டுச்சாவடி இருக்கிற ஊருக்குப் போகத் திங்கள் ஒரு நாள் வேணும். பல ஊர்களில் புதன்கிழமை சந்தை. மிச்சம் இருந்தது செவ்வாய். குதிரை வண்டி போய் நூறு வருஷம் ஆனப்புறமும் கிழமை மட்டும் மாறவேயில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தப்போ பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினாங்க. கறுப்பினப் பெண்மணி. எழுபது வயசைத் தாண்டியவங்க, தனியா இருந்தாங்க. நாங்க ரசம் வைக்கிற வாசனைக்கு மூக்கைப் பொத்தாத ஒரே பக்கத்து வீட்டுக்காரங்க அவங்கதான். அப்பப்போ சக்கரவள்ளிக் கிழங்கில் செஞ்ச பை ஒண்ணு கொண்டுவந்து கொடுப்பாங்க. அன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போற மாதிரி நல்ல உடுப்பு, தலையில் தொப்பி, கையில் கைப்பை.

"தம்பி, என் வண்டி கிளம்ப மாட்டேங்குது. ஓட்டுச்சாவடி வரைக்கும் கொண்டுபோய் விடறியா?"

விட்டேன். சாவடி ஒரு சர்ச்சுக் கூடம். நான் ஓரமாக நின்னு வேடிக்கை பார்த்தேன். லைசென்ஸைக் காட்டி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு அட்டையை வாங்கிக்கிட்டு உள்ளே போனாங்க. மைவைக்கிற ஆளே இல்லை! "அப்புறம் எப்படி ரெண்டாவது தடவை வராம தடுப்பாங்க?" என்று என் மனசில் இருந்த அப்பா கேட்டார் :-) மைக்குப் பதிலா வெளியே வரும்போது 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று எழுதின ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுத்தார்கள். நம்மூர்ல 1962 தேர்தலில் இருந்து மைசூர்ல தயாராகிற அந்த மையைத்தான் விரலில் வைக்கிறாங்க, அழிக்கவே முடியாதுன்னு காரில் பாட்டிகிட்ட பெருமையா சொன்னேன். அவங்க ரொம்ப ஆர்வமாக் கேட்டுட்டு, "அழியாத அடையாளமா, நல்லதுதான்" என்றார்கள். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாங்க.

*

பாட்டிக்குச் சொந்த ஊர் அலபாமா மாநிலத்தில் செல்மா. இந்தப் பேரைக் கேட்டால் அமெரிக்காவில் எல்லாருக்கும் ஒரு பாலம் ஞாபகம் வரும். நான் அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்தப் பேரைக் கேட்டேன்.

கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை 1870லேயே, அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தத்தில் வந்தாச்சு. பெண்களுக்கு 1920இல், 19ஆவது திருத்தத்தில். ஆனா காகிதத்தில் இருந்த உரிமை செல்மாவுக்கு வந்து சேரலை. ஓட்டுப் போட முதலில் பட்டியலில் பேரைச் சேர்க்கணும். சேர்க்கிற அலுவலகம் மாதத்துக்கு ரெண்டு நாள்தான் திறக்கும். அதுவும் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். உள்ளே போனால் எழுத்தறிவுச் சோதனை. அரசியல் சாசனத்தில் இருந்து ஏதாவது ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வாங்க. பதில் சரியா தப்பான்னு முடிவு பண்றது எதிரில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்கார அதிகாரி. கறுப்பினப் பள்ளி ஆசிரியர்களே அதில் "தோத்து"ப் போயிருக்காங்க. தேறினாலும் தலைவரி கட்டணும். கடைசியில் 1960களின் தொடக்கத்தில் செல்மாவில் ஓட்டுப் போடத் தகுதியுள்ள கறுப்பின மக்களில் பட்டியலில் இருந்தது நூற்றுக்கு ரெண்டு பேர்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க அப்பத்தா ஞாபகம் வந்தது. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். ஆனா 1952 ஆரம்பத்தில், நம்ம முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டாங்க. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல சின்னம். படிக்கத் தெரியாதவங்க சின்னத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டுட்டு வரலாம். நாட்டில் 17 கோடிக்கும் மேலே வாக்காளர்கள், அதில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு ஓட்டுன்னு கேட்கிறதுக்குப் பதிலா, அவன் எப்படி ஓட்டுப் போடுவான்னு யோசிச்சிருக்காங்க. அதுக்காக எல்லாம் சுபமா நடந்ததுன்னும் சொல்ல முடியாது. வடமாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லாம "இன்னாரோட பெண்சாதி", "இன்னாரோட அம்மா" என்றே பதிவு செய்ததால், தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பெயர்களைப் பட்டியலில் இருந்தே எடுத்துட்டார். அடுத்த தேர்தலுக்குள்ள சொந்தப் பேரைச் சொல்லட்டும் என்று.

ஆக 1952இல் எங்க கைநாட்டு அப்பத்தாவுக்கு ஓட்டு இருந்தது. அதே வருஷம், பள்ளிக்கூடம் போய்ப் படிச்ச இந்தப் பாட்டிக்கு, உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுக்கிறதா சொல்லிக்கிட்ட நாட்டில், ஓட்டு இல்லை. கார் ஓட்டிக்கிட்டே இதை அவங்ககிட்ட சொன்னேன். "உன் பாட்டி கொடுத்து வச்சவ" என்றார்கள்.

1965 மார்ச் 7ஆம் தேதி, ஓட்டுரிமை கேட்டு செல்மாவில் இருந்து மாண்ட்காமெரிக்கு நடக்கக் கிளம்பியவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வைத்து மாநிலப் போலீசும், ஷெரீப் ஜிம் கிளார்க்கின் ஆட்களும் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடிச்சு விரட்டினாங்க. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சில நாட்களில் மத்திய அரசின் அதிகாரிகளே செல்மாவுக்கு வந்து பேர் பதிய ஆரம்பிச்சாங்க. அந்த வரிசையில் நின்னவங்களில் ஒருத்தர் இந்தப் பாட்டி. அப்போ வயசு முப்பத்தேழு.

முதல் ஓட்டு 1966 மே மாதம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். ஷெரீப் பதவிக்கு நின்னது யார் தெரியுமா? அதே ஜிம் கிளார்க். எதிர்த்து வில்சன் பேக்கர். ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்கதான், ஆனா பேக்கர் தடி எடுக்காதவர். கறுப்பின மக்கள் மொத்தமா கிளார்க்குக்கு எதிரா குத்தினாங்க. எண்ணும்போது, கறுப்பினத்தவர் அதிகம் ஓட்டுப் போட்ட ஆறு பெட்டிகளில் "முறைகேடு" இருக்கு, எண்ண மாட்டோம்னு உள்ளூர் கட்சிக் கமிட்டி ஒதுக்கி வச்சுட்டது. அந்த ஆறு பெட்டி இல்லைன்னா கிளார்க் தப்பிச்சிடுவார். விவகாரம் மத்திய கோர்ட்டுக்குப் போய், நீதிபதி எண்ணுங்கன்னு உத்தரவு போட்டார். எண்ணினாங்க. கிளார்க் தோத்தார்.

"என் ஓட்டு அந்த ஆறு பெட்டியில் ஒண்ணுல இருந்துச்சு. அது எண்ணப்பட்ட அன்னிக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்னு நினைச்சுக்கறேன். பூத்துக்குப் போன அன்னிக்கு இல்லை."

எனக்கு அப்பா பேசுற மாதிரியே இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது சட்டையில் இருந்த ஸ்டிக்கரை உரிச்சு என் காரின் டேஷ்போர்டில் ஒட்டினாங்க. "ஐயோ, எனக்கு இங்கே ஓட்டே இல்லை" என்று பதறினேன். "வண்டி ஓட்டினது நீதானே" என்று சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க.

*

அன்னிக்கு ராத்திரி நாலு பேரும் உப்புமாவைக் கிண்டி வைத்துக்கொண்டு டிவி முன்னாடி உட்கார்ந்தோம். ஏழு ஐம்பது வாக்கில் எல்லா சேனலும் "புளோரிடா கோருக்கு" என்று அறிவிச்சது. வேடிக்கை என்னன்னா, புளோரிடாவின் மேற்கு மூலையில் நேர வித்தியாசத்தால் இன்னும் ஓட்டுப்பதிவே முடியலை! பத்து மணி வாக்கில் "மன்னிக்கவும், இன்னும் சொல்ல முடியாது" என்று வாபஸ். நடுராத்திரி ரெண்டேகால் மணிக்கு "புளோரிடா புஷ்ஷுக்கு, அவரே ஜனாதிபதி" என்று அறிவிப்பு. கோர் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்தும் சொல்லியாச்சு. தோல்வியை ஒத்துக்கிட்டுப் பேச மேடைக்குப் போற வழியில், வித்தியாசம் சில நூறுகளாகச் சுருங்கிடுச்சுன்னு தகவல் வந்து, மறுபடி போன் போட்டு வாழ்த்தை வாபஸ் வாங்கினார். நாலு மணி வாக்கில் சேனல்களும் ரெண்டாவது தடவையா வாபஸ். நாங்க தூங்காமலே ஆபீஸ் போனோம்.

அடுத்த 36 நாள் கூத்து ஊரறிஞ்ச கதை. மொத்தம் சுமார் 60 லட்சம் ஓட்டுகளில் முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் 1,784. மறுபடி மெஷினில் போட்டதும் சுமார் 300. பாம் பீச் கவுண்டியில் வயசானவங்களுக்கு எழுத்துப் பெரிசா தெரியட்டும்னு நல்லெண்ணத்தில் ரெண்டு பக்கமும் பேரைப் போட்டு நடுவில் ஓட்டை வரிசை வைத்த ஓட்டுச்சீட்டு. இடது பக்கம் ரெண்டாவதா கோர் பேரு, ஆனா அவருக்கான ஓட்டை மூணாவது. ரெண்டாவது ஓட்டை வலது பக்கத்தில் இருந்த பேட் புகேனனுக்கு. அங்கே அவருக்கு 3,407 ஓட்டு விழுந்தது. அதில் பெரும்பாலானவை எனக்குப் போட்டதா இருக்காதுன்னு அவரே டிவியில் சொன்னார்! ரெண்டு ஓட்டை குத்தி செல்லாமப் போனவை 19,000க்கும் மேல்.

அப்புறம் 'சாட்'. அட்டையில் ஊசியால் குத்தும்போது பிரிஞ்சு விழ வேண்டிய துணுக்குக்கு அந்தப் பேரு. முழுசா விழாம தொங்கிக்கிட்டு இருந்தா தொங்கும் சாட். புடைச்சுக்கிட்டு மட்டும் இருந்தா கர்ப்பமான சாட்! பெரிய பெரிய அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த படம் உலகம் முழுக்க வந்தது. காலிங் கார்டில் அப்பாவுக்குப் போன் போட்டால் வேற பேச்சே இல்லை. "என்னடா, ஒரு மாசமா எண்ணுறாங்க? எங்களை அனுப்பச் சொல்லு, ரெண்டு நாள்ல முடிச்சுத் தரோம்." அடுத்த வருஷம், 2001 மே சட்டமன்றத் தேர்தலில், தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டாங்க. அப்பா அதுக்கும் பிரிசைடிங் ஆபீசர். அந்த வருஷம் அவர் என்னைக் கிண்டல் பண்ணாத ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

சிரிப்புக்கு அடியில் வேற ஒண்ணும் இருந்தது. தண்டனை பெற்ற குற்றவாளிகளுக்கு அப்போ புளோரிடாவில் ஓட்டுரிமை இருக்கலை. அவங்களை நீக்க ஒரு தனியார் நிறுவனத்தை வைத்துத் தயாரித்த பட்டியலில், பேர் ஒற்றுமையால் சம்பந்தமே இல்லாதவர்களும் மாட்டிக்கிட்டாங்க. செல்லாத ஓட்டுகளில் கறுப்பின வாக்காளர்களுடையது அளவுக்கு மீறி அதிகம் என்று மத்திய குடியுரிமைகள் ஆணையம் 2001இல் அறிக்கை கொடுத்தது. பாட்டி தினம் சாயங்காலம் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எண்ணிட்டாங்களா?"

எண்ணலை. டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்தினது. புஷ் 537 ஓட்டு வித்தியாசத்தில் புளோரிடாவை ஜெயிச்சு ஜனாதிபதி ஆனார். நாடு முழுக்கக் கூட்டினா கோருக்குத்தான் 5 லட்சத்துக்கும் மேல அதிக ஓட்டு. இருந்தாலும் இங்கே கணக்கு மாநிலவாரி. பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கு: "ஆறு பெட்டியை எண்ணச் சொன்னதும் கோர்ட்டுதான். இதை எண்ண வேணாம்னு நிறுத்தினதும் கோர்ட்டுதான். அதனாலதான் தம்பி, நான் ஒவ்வொரு தடவையும் நேர்ல போறேன்."

*

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்தான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. வெளிநாட்டு ஓட்டுகள்.

மெஷின் மறு எண்ணிக்கை முடிஞ்சப்போ புஷ்ஷின் முன்னிலை சுமார் 300 என்று சொன்னேன் இல்லையா? நவம்பர் 17 வரைக்கும் தபாலில் வந்த வெளிநாட்டு ஓட்டுகளைச் சேர்த்ததும் அது 930 ஆனது. ஜெர்மனியில், ஜப்பானில், கப்பல்களில் இருந்த ராணுவத்தினர், வெளிநாட்டில் வேலை பார்க்கிற மத்தவங்க போட்ட ஓட்டு. கடைசி வித்தியாசம் 537தான். அந்தத் தபால்கள் வராமல் இருந்திருந்தால் கணக்கு கோர் பக்கம் சாய்ந்திருக்கும். எங்கேயோ தூர தேசத்தில் இருந்தவங்க போட்ட தபால் அமெரிக்க ஜனாதிபதியை முடிவு பண்ணியிருக்கு. 1986இல் போட்ட ஒரு சட்டம் அவங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது.

நானும் தூர தேசத்தில்தான் இருந்தேன். எனக்கு?

இங்கே ஓட்டு கேட்க எனக்கு நியாயமில்லை, நான் பிரஜை இல்லை. ஆனா தோண்டிப் பார்த்தப்போ ஒரு ஆச்சரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்களில், பிரஜை ஆகப்போறேன்னு எழுதிக் கொடுத்துட்டாலே வெளிநாட்டுக்காரன் ஓட்டுப் போடலாம். கடைசியா அதை நிறுத்திய மாநிலம் ஆர்கன்சா, 1926இல். ரொம்ப சந்தோஷப்படாதீங்க. அந்தச் சலுகை நம்மாளுக்கு இல்லை. 1790 சட்டப்படி 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே பிரஜை ஆகலாம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தாங்க. இந்தியர்? முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, நான் ஆரியன், அதனால் வெள்ளையன் என்று வாதாடிப் பார்த்தார். 1923இல் உச்ச நீதிமன்றம் "சாதாரண ஆள் வெள்ளையன்னு சொன்னா உன்னைச் சொல்ல மாட்டான்" என்கிற அர்த்தத்தில் தீர்ப்பு எழுதித் தள்ளிவிட்டது. ஏற்கெனவே பிரஜை ஆகியிருந்த பல இந்தியர்களின் குடியுரிமையையும் பறிச்சாங்க. (வெள்ளையன்னு வாதாடினாரே தவிர, அந்தப் பிரிவினையே தப்புன்னு வாதாடலையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.)

1946இல் சட்டம் மாறின பிறகுதான் கதவு திறந்தது. திலீப் சிங் சௌந்த் 1920இல் படிக்க வந்தவர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காம கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்தவர். 1949இல் பிரஜை ஆனார். ஏழே வருஷத்தில், 1956இல், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபத்தொன்பது வருஷம் ஓட்டில்லாம இருந்த மனுஷன்! பாட்டிக்கு 1965, சௌந்துக்கு 1949. வேற வேற வாசல், ஆனா பூட்டு ஒண்ணுதான்.

*

ஊர்ப் பக்கம் என்ன ஆச்சு? சில வருஷம் என் பேரு பட்டியலில் இருந்தது. 2005 வாக்கில் கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட அப்பாவே "பையன் அமெரிக்காவில் இருக்கான், அடிச்சுடுங்க" என்று சொல்லிட்டார். அம்மாவுக்குக் கோபம். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றாங்க. "இங்கே குடியிருக்காதவன் பேரு இருந்தா அதை வேற எவனாவது போடுவான்" என்றார் பிரிசைடிங் ஆபீசர். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி.

2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினாங்க. 2011இல் இருந்து, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாட்டுவாசிகள் படிவம் 6ஏ கொடுத்துப் பேரைச் சேர்க்கலாம். நானும் சேர்த்தேன். பட்டியலின் கடைசியில் தனியா ஒரு பகுதி, அதில் என் பேரு. அப்பா அதைப் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினார். ஆனா ஒரு கொக்கி: ஓட்டை நேரில் வந்துதான் போடணும். 2014இலும் 2016இலும் போகலை. ஒரு தடவை லீவு இல்லை, ஒரு தடவை டிக்கெட் விலை. உண்மையைச் சொன்னா, மனசு இருந்திருந்தா போயிருக்கலாம்.

நான் மட்டுமில்லை. 2019 தேர்தலில் இப்படிப் பதிஞ்சவங்க ஏறக்குறைய ஒரு லட்சம். ஓட்டுப் போட்டவங்க சுமார் 25,600, அதில் கிட்டத்தட்ட எல்லாருமே கேரளாக்காரங்க, வளைகுடாவில் இருந்து பறந்து வந்தவங்க. 2024இல் பதிஞ்சவங்க சுமார் 1.2 லட்சம், போட்டவங்க மூவாயிரம்கூட இல்லை. பதிலாள் மூலம் போடலாம்னு ஒரு மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019இல் காலாவதி ஆயிடுச்சு.

பாட்டி 2007இல் தவறிப் போனாங்க. அவங்களுக்கு ஒபாமாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை. நான் கிரீன் கார்டு வாங்கி, அஞ்சு வருஷம் ஆகியும் குடியுரிமைக்கு எழுதிப் போடலை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. அந்த நீல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கக் கை வரலை. 2016இல் பொண்ணு பள்ளிக்கூடத்தில் மாதிரித் தேர்தல் நடத்தினாங்க. வீட்டுக்கு வந்து, "நீ கடைசியா எப்போப்பா ஓட்டுப் போட்ட?" என்று கேட்டாள். கணக்குப் போட்டேன். பதினேழு வருஷம். பதில் சொல்ல வெட்கமா இருந்தது. ரெண்டு நாட்டிலும் வரி, சண்டை, அபிப்பிராயம் எல்லாம் உண்டு, ஓட்டு மட்டும் இல்லை.

2019இல் உறுதிமொழி எடுத்தேன். மண்டபத்து வாசலிலேயே வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினாங்க. எழுத்தறிவுச் சோதனை இல்லை, தலைவரி இல்லை, ரெண்டு நிமிஷம். செல்மாவை நினைச்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப இங்கே படிவம் ஏழு கொடுத்துடறேன். ரெண்டு இடத்துல பேரு இருக்கக் கூடாது" என்றார். அவரே தாலுகா ஆபீசுக்கு நடந்து போய், அவர் கையெழுத்திலேயே என் பேரை ரெண்டாவது தடவையா அடிச்சுட்டு வந்தார்.

2020 நவம்பர் 3. கொரோனா காலம், பாதி ஜனம் தபாலில் ஓட்டுப் போட்டாங்க. எங்க அம்மா ஊரில் இருந்து, மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகப் பூஜை நடக்குதுன்னு வாட்ஸ்அப் அனுப்பினாங்க. அவருடைய தாத்தா ஊர் அது. நான் யாருக்குப் போட்டேன்னு கேட்காதீங்க, அதுதான் ரகசிய வாக்கெடுப்பு :-) தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனா முகக்கவசம் மாட்டிக்கிட்டு நேரில் போனேன். ஊசியும் அட்டையும் 2001இலேயே ஒழிஞ்சு போச்சு, பேனாவால் வட்டத்தை நிரப்பி மெஷினில் விடணும். அது உள்ளே இழுத்துக்கிட்டு எண்ணிக்கையில் ஒண்ணு கூடினதைப் பார்த்தப்புறம்தான் நகர்ந்தேன். அந்தத் தடவையும் முடிவு வர நாலு நாள் ஆச்சு. சேனல்கள் அறிவிச்ச தேதி நவம்பர் 7. நான் பாட்டியைக் காரில் கூட்டிக்கிட்டுப் போய்ச் சரியா இருபது வருஷம்.

சட்டையில் ஒட்டின ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சுப் பதில் வந்தது.

"மை எங்கேடா?"